கைமாறிய வயிறு

சுகந்தியின் வயிற்றை அவள் வீட்டுக்காரன் நாச்சிமுத்து முதன்முதலாக வாங்கிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பால் சொசைட்டியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த அவள், வாசலில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து மினி பஸ் கண்டக்டர். கூட்டத்தில் பையோடும் பிள்ளையோடும் தள்ளாடுகிற பெண்களைக் கண்டால், உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, ‘அதைச் சித்த வாங்கி மடியில வெச்சுக்குங்க’ என்று ஓயாமல் சொல்லிப் பழகிய வாய் அவனுக்கு. அந்த வாய், யோசிக்காமல், “கொண்டா புள்ள இப்படி, சித்த நேரம் நான் வெச்சுக்கறேன்” என்றது. அவளும் யோசிக்காமல், பஸ்ஸில் நிற்கிற எந்தப் பெண்ணும் செய்வதைப் போல, அவன் பக்கம் திரும்பிச் சாய்ந்தாள். ஏழு மாதத்துக் கனம், பரணில் உருளும் பூசணிக்காய் மாதிரி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, அவளை விட்டு அவனுக்குப் போனது. அவனுடைய காக்கிச் சட்டையின் கீழ்ப் பட்டன் தெறித்துத் தொட்டிக்குள் விழுந்தது.

“அடேங்கப்பா,” என்றான் நாச்சிமுத்து, இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டு. “இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கணுமே!”

சுகந்தி, வெகு நாளைக்கப்புறம் தன் கால் விரல்களைக் கண்ணால் பார்த்த சந்தோஷத்தில், குனிந்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மாமியார் தெய்வானை, மகனின் வயிற்றைப் பார்த்தாள், மருமகளின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தாள், “நின்னுட்டே இருக்காதடா, இடுப்பு போயிரும்” என்று சொல்லி உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அந்த வீட்டில் அப்படியொரு முக்காலி இருப்பது, வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து சுகந்திக்குத் தெரியாது.

சோறு ஆறுகிற நேரம் வரைக்கும் அவன் வைத்திருந்தான். அப்புறம் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. விதிமுறை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதுவாக அமைந்துகொண்டது: ஒருத்தர் கேட்க வேண்டும், மற்றவர் சாய வேண்டும், இரண்டு பேருக்கும் மனசு இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தைக்கு ஆட்சேபணை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. யாரிடம் இருந்தாலும் ஒரே மாதிரி உதைத்தது. பஸ் ஓடுகிற நேரத்தில் அவனிடம் இருந்தால் மட்டும் கொஞ்சம் விக்கல் எடுத்தது.

சுகந்தி அவள் பிறந்த குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள். பால் சொசைட்டியில் கறவைக்காரர்கள் கொண்டுவரும் பாலைச் சோதித்துக் கொழுப்பளவு சொல்வது அவள் வேலை. தண்ணீர் கலந்திருந்தால் சொந்தச் சித்தப்பா கொண்டுவந்த பாலானாலும், கை நடுங்க நடுங்க, “தண்ணி சேந்திருக்குங்க” என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு அன்று பூராவும் சாப்பிட முடியாமல் தவிப்பாள். பிள்ளை உண்டானது தெரிந்ததும் டவுன் நூலகத்தில் பிரசவத்தைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்து, பரீட்சைக்குப் படிப்பதைப் போல அடிக்கோடு போடாமல் ஆனால் மனப்பாடமாகப் படித்தாள், கடைசி அத்தியாயத்தைத் தவிர. கடைசி அத்தியாயம் வலியைப் பற்றியது. அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவாள். பிரசவத்தில் தான் செத்துப்போய்விடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. நிச்சயமாகத் தோன்றுவதற்குக் காரணம் எதுவும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அதனால் அந்த அத்தியாயத்தை நாச்சிமுத்துதான் படித்தான். மூச்சுப் பயிற்சியை அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். பாயில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, “உள்ள இழு, நிறுத்து. ஆள் ஏறியாச்சு. ரைட், ரைட், இப்ப வெளிய விடு” என்பான். அவளுக்குச் சிரிப்பு வந்து மூச்சு தப்பிவிடும். “சிரிக்காத அம்மணி, ஆஸ்பத்திரியில சிரிச்சீன்னா டாக்டரம்மா உன்னையச் சந்தேகப்படும்” என்பான். ஒவ்வொரு கிண்டலுக்கும் முன்னால் ஒரு நொடி அவளைப் பார்ப்பான். அவள் முகத்தில்தான் அவனுடைய பகடி முதலில் வெள்ளோட்டம் பார்த்துக்கொள்ளும்.

வயிறு கைமாறுகிற செய்தி அவர்கள் ஊரான கோணக்கரடு முழுக்கப் பரவ அதிக நாள் ஆகவில்லை. கிராம நர்ஸ் ஸ்டெல்லா வந்து, நாச்சிமுத்துவின் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, அது கைமாறியதும் சுகந்தியின் வயிற்றிலும் வைத்துக் கேட்டுவிட்டு, “துடிப்பு நல்லாருக்கு. யார்கிட்ட இருந்தா என்ன, சத்து மாத்திரையை ரெண்டு பேரும் சாப்பிடுங்க” என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஊர்க்காரர்களும் ஒரு நாள், ஒன்றரை நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டது மட்டுமில்லை, கொண்டாட ஆரம்பித்தார்கள்.

அவன் வயிற்றோடு பஸ்ஸில் ஏறிய நாளில் முன் சீட்டுக்காரர்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதே பஸ்ஸில் அதே வயிற்றோடு சுகந்தி ஏழு மாதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்திருக்கிறாள் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. பஸ் முதலாளியும் பஞ்சாயத்துத் தலைவருமான சிவானந்தம் பஸ்ஸின் முன் கண்ணாடியில் ‘தாயுள்ளம்’ என்று எழுதி ஒட்டினார். நடந்துபோகிற தூரத்துக்கெல்லாம் ஜனங்கள் பஸ் ஏறினார்கள். இறங்கும்போது மாங்காயும் நெல்லிக்காயும் அவன் மடியில் வைத்துவிட்டு, “என்னப்பா, வாய்க்கு எப்படி இருக்கு? எதுவும் புளிப்பாக் கேக்குதா?” என்று விசாரித்தார்கள்.

டீக்கடையில் அவனுடைய நெஞ்செரிச்சலைப் பற்றி அவன் சொன்னதை ஆண்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். படுத்தால் எரிகிறது, உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, ஒருக்களித்துப் படுத்தால் அந்தப் பக்கத்துக் கால் மரத்துப்போகிறது என்று அவன் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் பெற்ற அப்பன்மார்கள் எல்லாம், “அப்படியா!” “இதெல்லாம் இருக்குதா இதுல?” என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டிகளிடம், “உனக்குத் தெரியுமா, மாசமா இருந்தா நெஞ்செரியுமாம்” என்று அந்த விவரத்தைச் சொன்னவர்களும் உண்டு.

“நான் வெச்சிருக்கறது சாயங்காலத்துல சித்த நேரம் மாமா,” என்பான் நாச்சிமுத்து. “மீதி நேரமெல்லாம் அவதான் சொமக்கறா.”

கடை குலுங்கிச் சிரிக்கும். “பாரு, வாய் எப்படிப் போகுது பாரு இவனுக்கு” என்பார்கள். சின்ன வயதிலிருந்து அவன் சொன்னதற்கெல்லாம் சிரித்துப் பழகிய ஊர் அது. அவன் கிண்டல் பேசாத நேரம் எது என்று அந்த ஊருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை.

ஊரில் இருந்த மற்ற மாசமான பெண்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தி புருஷன் தோளில் சாய்ந்து பார்த்தாள். இன்னொருத்தி, டிவி பார்க்கிறவன் முதுகில் சாய்ந்து பார்த்தாள். எதுவும் நகரவில்லை. ஆனால் அந்தக் கோடைக்காலத்தில் கோணக்கரட்டு ஆண்கள் எங்கே போனாலும் சுவரோரமாகப் பார்த்து, முதுகை ஒட்டவைத்து உட்கார ஆரம்பித்தார்கள்; பெண்டாட்டி பக்கத்தில் வந்தால், அவசர வேலை இருப்பதாக எழுந்துகொண்டார்கள். “அதுக்கெல்லாம் ஒரு ராசி வேணும்” என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு. இந்தக் கதை கோணலானது அன்றைக்குத்தான்.

சுகந்தியின் அம்மா மாராத்தாள் தன் ஊரிலிருந்து தட்டு வரிசையோடும் ஏழு வகைச் சோற்றோடும் விடியுமுன்னே வந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதால் மகளைக் கூட்டிப் போகக் காரும் வாசலில் நின்றது. பந்தலில் வெக்கை. பட்டுப் புடவைக்குள் சுகந்தி வேர்த்து ஊற்ற, கால் இரண்டும் வீங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாச்சிமுத்துதான் கவனித்தான். “எந்திரிச்சுப் போய் ஃபேனுக்கடியில சித்த சாஞ்சுக்க புள்ள. வயித்தை இங்க வெச்சுட்டுப் போ. வளையல்காரம்மா வர்றதுக்குள்ள எழுப்பி விடறேன்” என்றான். அவள் சாய்ந்து கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

வளையல்காரம்மா தாமதமாகத்தான் வந்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஒரு கிழவி கத்தினாள். மணையில் நாச்சிமுத்து வயிற்றோடு உட்கார்ந்திருந்தான். சுமங்கலிகள் எல்லாம் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்கள்.

“புள்ளையை எழுப்பறதுக்குள்ள ராகு காலம் வந்துரும்,” என்றாள் ஒருத்தி.

“வளைகாப்பு யாருக்கு? வயித்துக்குத்தானே?” என்றாள் தெய்வானை. “வயிறு இருக்கற எடத்துல வளையலைப் போடுங்க.”

“அம்மா, ஒரு நிமிஷம், அவளை எழுப்பிடறேன்,” என்று நாச்சிமுத்து எழுந்திருக்கப் பார்த்தான். “அப்புறம் எனக்குப் புடவை கட்டி, மல்லிப்பூவும் வெச்சு உட்டுருவீங்க போலிருக்கே!”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தில் சந்தனம் தடவினார்கள். இருப்பதிலேயே பெரிய அளவு வளையலை எடுத்து, சோப்புத் தண்ணீர் போட்டு, எலும்பு நெரிய நெரிய, பச்சையும் சிவப்புமாக முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். சுகந்தி தூக்கத்தில் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். கண்ணாடி வளையல்களின் கலகலப்பு. தனக்குத்தான் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கனவிலேயே கையை நீட்டினாள்.

எழுந்து வந்து அவள் கேட்டதும் நாச்சிமுத்து சாய்ந்தான். அவளும் சாய்ந்தாள். வயிறு அசையவில்லை. மறுபடியும் சாய்ந்தார்கள். உள்ளே குழந்தை திரும்புவது இரண்டு பேருக்கும் தெரிந்தது, வருகிற மாதிரி வந்தது, வளையல்கள் கிணுங்கின, அப்படியே நின்றுவிட்டது.

“வளையலைக் கழட்டுங்க,” என்றாள் சுகந்தி.

பந்தலே திடுக்கிட்டது. போட்ட வளைகாப்பு வளையலைப் பிரசவம் ஆகுமுன் கழற்றுவதாவது! கழற்றவும் முடியாது, அவன் மணிக்கட்டு அதற்குள் வீங்கிவிட்டது. உடைத்தால்தான் உண்டு.

“வளையல் உடைஞ்சா தாலிக்கு ஆகாதும்மா.”

“அது பொம்பளை கையில உடைஞ்சா. இவன் ஆம்பளையாச்சே?”

இந்த இடத்தில் பெண்கள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பெண் கையில் உடைந்தால் புருஷனுக்கு ஆகாது என்றால், ஆண் கையில் உடைந்தால் பெண்டாட்டிக்குத்தானே ஆகாமல் போக வேண்டும் என்று கணக்கு வந்து நின்றது. தெய்வானை நெஞ்சில் கை வைத்து, “அப்ப எம் பையனுக்கு ஒண்ணுமில்லை” என்று மூச்சு விட்டாள். விட்ட பிறகுதான் மருமகள் நிற்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவசரமாகப் பந்தல் காலில் ஆடிய வாழை இலையைச் சரிசெய்யப் போனாள்.

“யாரும் உடைக்க வேண்டாம்,” என்றாள் மாராத்தாள். “என்ற புள்ளை உசுரோட இருக்கட்டும். மாப்பிள்ளை நல்லாத்தான் வெச்சிருக்கறாரு.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த பேச்சு, காரில் யாரை ஏற்றுவது என்பது. மாராத்தாள் சம்பிரதாயம் தவறாதவள். வளையல் போட்ட கையைத்தான் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று சொல்லி, மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து, மடியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். சுகந்தி பின்னால் ஓடினாள். “நீயும் வந்துட்டா இங்க உங்க அத்தைக்கு யாரு கண்ணு சோறாக்கறது? சொசைட்டிக்கும் போகோணுமல்ல?” என்றாள் அம்மா. கார் போய்விட்டது.

பிறந்த வீட்டில் சுகந்திக்கென்று காயவைத்திருந்த சுண்டைக்காயும், அவளுக்கென்று ஆட்டிய நல்லெண்ணெயும், அவள் படுக்கவென்று வெள்ளையடித்த அறையும் நாச்சிமுத்துக்கு ஆயின. மாராத்தாள் அவனுக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துவிட ஆள் வைத்தாள். சுகந்தி காலையில் பால் அளந்தாள். சாயங்காலம் மாமியாருக்குச் சோறாக்கினாள். வழியில் பார்க்கிறவர்கள், “வீட்டுக்காரரு சௌரியமா? பாவம், உன்னால அவரு படற பாடு!” என்றார்கள்.

தினமும் அவன் போன் செய்வான். “உன்ற அம்மா என்னையத் தின்ன வெச்சே கொன்னுரும்போல புள்ள. நேத்து நான் நடந்தது கட்டில்ல இருந்து இலை வரைக்கும், இலையில இருந்து கட்டில் வரைக்கும்” என்பான். அப்புறம் போனை வயிற்றில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பான். அந்தப் பக்கம் என்னவோ கடல் மாதிரி இரையும். அதை சுகந்தி பால் கேன்களுக்கு நடுவில் நின்றபடி கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அந்த நாட்களில் அவள் தன்னைப் பற்றி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லாவிட்டாலும் தனக்குத்தானே மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வயிறு அங்கே மாட்டிக்கொண்டதில் அழுகை வந்தது நிஜம். அழுது முடித்ததும், அடியில், பாத்திரத்தில் ஒட்டிய தீய்ந்த பருக்கை மாதிரி, ஒரு நிம்மதி இருந்ததும் நிஜம். இனி வலி அவளுக்கு இல்லை. அவள் சாக வேண்டியதில்லை. வளையலை உடைக்க விடாமல் யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை; ஒரு அம்மிக்கல் போதும். உடைத்தால் என்ன ஆகும் என்று ஊர் சொன்னதை நம்பவில்லை என்று படித்த வாய் சொல்லிற்று. ஆனாலும் கை எழவில்லை.

அந்த நிம்மதியையும் நர்ஸ் ஸ்டெல்லாதான் வந்து எடுத்துப் போனாள். டவுனில் பெரிய டாக்டரிடம் நாச்சிமுத்துவைக் காட்டிக் கூட்டி வந்தவள், சொசைட்டி வாசலில் வண்டியை நிறுத்தினாள். “நேரா சொல்லிடறேன் சுகந்தி. வயித்துல வளர்றதுக்கு இடம் இருக்கு, வெளிய வர்றதுக்கு வழி இல்லை. கிழிச்சுத்தான் எடுக்கணும். ஆம்பளை உடம்புல எது எங்க ஒட்டியிருக்குன்னு யாருக்கும் தெரியாது. அவரும் பொழைக்கணும், புள்ளையும் பொழைக்கணும். ரெண்டுக்கும் டாக்டர் வாக்குக் குடுக்கலை.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘அதனாலென்ன, ஜிப்பு வெச்சுத் தைக்கச் சொல்லுங்க, அடுத்த தடவைக்கு ஆகும்’னாரு. டாக்டரே சிரிச்சுட்டாரு.”

சுகந்தி சிரிக்கவில்லை. “சொல்றப்ப யாரைப் பாத்துட்டுச் சொன்னாரு?”

“யாரையும் பாக்கலை. கீழ பாத்துட்டிருந்தாரு. ஏன் கேக்கற?”

அன்று அவள் கொழுப்பளவைத் தப்பாகச் சொன்னாள். சொசைட்டி சரித்திரத்தில் அது முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டு, தலைவர் சிவானந்தம் ‘சிறந்த அன்னை’ விருது கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். போன வருஷம் வரைக்கும் அது, எட்டுப் பிள்ளை பெற்று ஐந்தைக் காப்பாற்றிய மாதிரியான பெண்களுக்குக் கிடைத்துவந்தது. இந்த வருஷம் போட்டியே இல்லை. மாராத்தாள் மாப்பிள்ளையைக் காரில் கொண்டுவந்து இறக்கினாள். மேடையில், சிவப்பு வெல்வெட் நாற்காலியில், முழங்கை வரை வளையலோடும் பொன்னாடையோடும் நாச்சிமுத்துவை உட்காரவைத்தார்கள். பின்னால் பேனரில் அவன் வயிற்றைத் தடவுகிற படம். சுகந்திக்கு ஆறாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது.

தலைவர் பேசினார். தாய்மை என்பது தியாகம் என்றும், தியாகம் என்றால் நாச்சிமுத்து என்றும், ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பானா என்றும், நம் வீட்டுப் பெண்கள் இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பேசினார். பெண்களும் கைதட்டினார்கள். அப்புறம் மைக்கை அவன் வாயருகே நீட்டி, “அன்னையே, நாலு வார்த்தை!” என்றார்.

நாச்சிமுத்து மைக்கைப் பார்த்தான். “வலிக்குதுங்க” என்றான்.

மைதானம் சிரித்தது.

“இல்லீங்க. நெசமா. கீழ் முதுகுல இருந்து புடிச்சு இழுக்குது.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முன் வரிசையில் யாரோ, “ரைட், ரைட், போலாம்!” என்று விசில் அடித்தார்கள். அவன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூச்சை உள்ளே இழுக்கத் தெரியாமல் இழுத்தான். “அவனோட நடிப்பைப் பாருங்கய்யா!” என்று தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவன் இன்னொரு தடவை வலிக்கிறது என்றான், அதற்கும் கைதட்டல்.

சுகந்தி தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தாள். அவன் எதையும் சொல்வதற்கு முன்னால் அவள் எங்கே என்று தேடுவான், எத்தனை கூட்டமானாலும். இப்போது தேடவில்லை. கண் எங்கேயும் பார்க்கவில்லை.

அவள் எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவில், முழங்கால்களைத் தாண்டி, “உக்காரும்மா, மறைக்குது” என்றவர்களைத் தாண்டி, மேடைப் படியேறினாள். உடம்பு முழுக்க நடுங்கிற்று. தண்ணீர்ப் பாலைத் தண்ணீர்ப் பால் என்று சொல்லப்போகும்போது நடுங்குமே, அந்த நடுக்கம்தான், பத்து மடங்கு. தலைவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் பேசப்போகிறாள் என்று கூட்டம் அமைதியானது. அவள் பேசவில்லை. நாச்சிமுத்துவின் இடது கையை இழுத்து நாற்காலிக் கையின்மேல் வைத்து, மைக்கால் ஓங்கி அடித்தாள்.

நாலு மூலையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் இடி இறங்கினாற்போல ‘டம்’ என்றது. கண்ணாடி சிதறுகிற சத்தம் மைதானம் முழுக்கப் பெய்தது.

“ஐயோ, சாமி!” என்று மாராத்தாள் கீழேயிருந்து ஓடிவந்தாள். “உடைக்காத கண்ணு! உன்ற உசுரு!”

“தெரியும்மா,” என்றாள் சுகந்தி. அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது. வளையல் உடைந்தால் தன் உயிருக்கு ஆகாது என்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, இருந்தது. அடுத்த கையை எடுத்து வைத்தாள். டம். டம். பச்சையும் சிவப்பும் வெல்வெட்டின் மேல் உதிர்ந்தன. கடைசி வளையல் உடையவில்லை, நழுவிற்று. பல்லால் கடித்து உடைத்தாள். அவன் மணிக்கட்டெல்லாம் ரத்தம்.

“மாமா, சாயுங்க.”

“வேண்டாம் புள்ள,” என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. “இது நீ நெனைக்கற மாதிரி இல்லை. ரொம்ப மோசமா இருக்குது.”

“நான் ரொம்ப மோசமாத்தான் நெனைச்சிருந்தேன். சாயுங்க.”

அவன் சாய்ந்தான். வயிறு இந்த முறை உருளவில்லை. மதகு திறந்த தண்ணீர் மாதிரி, வலியோடும் உயிரோடும் ஒரே பாய்ச்சலாக அவளுக்குள் வந்து இறங்கியது. அவள் மேடையிலேயே மண்டியிட்டாள். நினைத்ததைவிட மோசமாக இருந்தது. ஆனால் அதில் ஓர் ஆச்சரியம் என்னவென்றால், அதற்கு ஓர் ஓரம் இருந்தது. பயத்துக்கு ஓரமே கிடையாது. வலி வந்தது, ஏறியது, முடிந்தது, நடுவில் மூச்சுவிட இடம் கொடுத்தது.

மினி பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முன் சீட்டில் அவளும் அவனும் நர்ஸம்மாவும். பின்னால் ஏறக்கூடிய அத்தனை பேரும், அதற்கும் பின்னால் மோட்டார் சைக்கிள்களில் மீதி ஊரும். “வலிக்குதுன்னு சொன்னாச் சிரிக்கறானுங்க புள்ள,” என்றான் நாச்சிமுத்து, அவள் நெற்றியைத் துடைத்தபடி. “எத்தனை தடவை சொல்லியும் சிரிக்கறானுங்க.”

“எனக்கு வலிக்குதுன்னு சொன்னா அதுகூடச் செய்ய மாட்டாங்க,” என்றாள் சுகந்தி. சொல்லிவிட்டு அடுத்த வலியில் அவன் தோளைக் கடித்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு ஆண்கள் போகக் கூடாது. நாச்சிமுத்துவைக் கதவோரமாக நிறுத்திவிட்டார்கள். உள்ளே போன சுகந்திக்கு, காற்றுக்காகத் திறந்துவைத்த உயரமான ஜன்னல் வழியாக வெளியில் நடப்பதெல்லாம் கேட்டது. ஊர் அவனைச் சூழ்ந்துகொண்டது. யாரோ சோடா உடைத்தார்கள். யாரோ விசிறினார்கள். “உக்காருப்பா, எத்தனை மாசம் சொமந்த உடம்பு!” “திடீர்னு வயிறு காலியானா மயக்கம் வரும், எளநீர் குடு!” மணிக்கட்டுக் காயத்துக்குக் கட்டுப் போட இரண்டு நர்ஸுகள் உள்ளேயிருந்து போனார்கள். தலைவர், விருது வீணாகிவிடக் கூடாது என்று, அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

இந்தப் பக்கம் சுகந்தி பெற்றுக்கொண்டிருந்தாள். சாகப்போகிறோம் என்று ஒரு தடவை நினைத்தாள். பிறகு அதை நினைக்க நேரம் இல்லாமல் போனது. ஸ்டெல்லா தலைமாட்டில் நின்று, “கத்து சுகந்தி, கத்தலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றாள். அவள் கத்தினாள். வெளியே கூட்டம் போட்ட சத்தத்தில் அது எவருக்கும் கேட்டிருக்காது. தன் காதுக்கு நன்றாகக் கேட்டது. இவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருந்தது தெரியாமலே இத்தனை காலம் மெல்லப் பேசி வந்திருக்கிறோமே என்று, அந்த வலிக்கு நடுவிலும், அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

பெண் குழந்தை. மாராத்தாள் மகளின் முகத்தைத் தடவி, மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். “இருக்கேம்மா” என்றாள் சுகந்தி. குழந்தையை அவள் மார்மேல் போட்டார்கள். அது சூடாக, பிசுபிசுவென்று, கனமாக இருந்தது.

ஸ்டெல்லா கதவைத் திறந்து செய்தி சொன்னதுதான் தாமதம், “நாச்சிமுத்து பொண்ணு பெத்துட்டான்!” என்று ஆரவாரம் கிளம்பி, ஆஸ்பத்திரி வேப்ப மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. பட்டாசு வெடித்தார்கள். கீழே என்னவோ தள்ளுமுள்ளு. சிறிது நேரத்தில், உயரமான அந்த ஜன்னலுக்கு நேராகவே நாச்சிமுத்துவின் தலை தெரிந்தது. தோளில் தூக்கிவிட்டிருந்தார்கள். பொன்னாடை ஒரு பக்கம் தொங்க, கட்டுப் போட்ட கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் சுகந்தியைத் தேடிக் கண்டுபிடித்தான். முகமெல்லாம் கண்ணீர்.

“புள்ள, பாரு! நான் பெக்கலை, அவதான் பெத்தான்னு கத்தறேன், ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறானுங்க! நீயாச்சும் சொல்லு இவனுங்ககிட்ட!” கீழே இருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள். தோள்கள் ஆடியதில் அவன் தலை ஒரு தடவை மறைந்து மறுபடி வந்தது.

“பாவமா இருக்கு சுகந்தி,” என்றாள் ஸ்டெல்லா. “நான் போய் உள்ளதைச் சொல்லி இறக்கிவிடச் சொல்லட்டுமா?”

ஒரு துளி தண்ணீர் கலந்திருந்தாலும் சொல்லிவிடுகிற சுகந்தி, மார்மேல் கிடந்த பாரத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, ஜன்னலில் ஏறி இறங்குகிற தன் புருஷனின் முகத்தையும், அதற்குக் கீழே முக்கி முனகுகிற ஆண்களின் சத்தத்தையும் சற்று நேரம் கவனித்தாள்.

“வேண்டாங்க சிஸ்டர்,” என்றாள். “எறக்க வேண்டாம்னு சொல்லுங்க. நல்லாத் தூக்கியே வெச்சிருக்கட்டும். கனம் தெரியட்டும் அவங்களுக்கு.”